ஆளைப் பார்க்குது காமிரா. ஆலையைப் பார்ப்பது யார்?

திருவொற்றியூர் டோல்கேட்டில் பஸ் ஏறுமுன் ஒரு டீ குடிப்பது என் பழக்கம். அன்றைக்கு அரை மணி நேரமாக பஸ் வரவில்லை. சும்மா நிற்பானேன் என்று தலையைத் தூக்கி எண்ண ஆரம்பித்தேன்.

டீக்கடைக்கு மேலே ஒன்று. எதிரே அடகுக் கடைக்கு இரண்டு. மருந்துக் கடைக்கு ஒன்று. ரோட்டோரக் கம்பத்தில் நாலு திசைக்கும் நாலு. ஏ.டி.எம். வாசலில் ஒன்று. ஆக மொத்தம் 9 காமிரா.

ஒரு டீக்கு ஒன்பது சாட்சி!

"இன்னா சார், மேலயே பாத்துக்கினு நிக்கிறே? மழை வருமா?" என்றார் டீக்கடைக்காரர்.

"மழை இல்லேண்ணே. நான் டீ குடிக்கிறதை எத்தனை பேர் பாக்குறாங்கன்னு எண்ணிக்கிட்டிருக்கேன்."

"காசு குடுக்காம போனாத்தான் சார் அது பாக்கும். நீ குடுத்துட்டுப் போ."

சிரித்துவிட்டு வடக்கே திரும்பினேன். எண்ணூர் பக்கம் வானம் சாம்பல் பூசிக் கிடந்தது. மூக்கில் ஏதோ ஒரு நெடி. என்ன நெடி? எந்த ஆலையிலிருந்து வருகிறது? உடம்புக்கு ஆகுமா, ஆகாதா? அதைச் சொல்ல அந்த 9 காமிராவில் ஒன்றுக்கும் வக்கில்லை.

அதுதான் அய்யா, இன்றைக்கு என் புகார்.

உலகத்திலேயே முதலிடம்!

2021-ல் நம்ம சென்னை உலகத்திலேயே முதலிடம் பிடித்தது ஞாபகம் இருக்கிறதா? குடிதண்ணீரில் அல்ல. ஓட்டப் பந்தயத்தில் அல்ல. காமிராவில்!

சர்ப்ஷார்க் என்ற வெளிநாட்டுக் கம்பெனி கணக்குப் போட்டுச் சொன்னது. சென்னையில் 2 லட்சத்து 80 ஆயிரம் காமிரா. சதுர கிலோ மீட்டருக்கு 657. உலக நகரங்களில் இதுதான் முதல். பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. டி.வி.யில் பட்டிமன்றம் வைத்தார்கள். சிலர் பெருமைப்பட்டார்கள். சிலர் பயந்தார்கள். கணக்கு சரியா என்று கேட்டவர் கொஞ்சம் பேர்.

அதே ஆண்டு கம்பேரிடெக் என்ற இன்னொரு நிறுவனத்தின் கணக்கு வந்தது. அதில் டெல்லி முதலிடம், லண்டன் இரண்டாவது, சென்னை மூன்றாவது. சதுர மைலுக்குச் சுமார் 610 காமிரா. மைலைக் கிலோ மீட்டராக மாற்றிப் பாருங்கள். சதுர கிலோ மீட்டருக்கு 235 தான் வருகிறது.

ஒரே ஊர். ஒரே வருஷம். மூணுல ரெண்டு பங்கு காமிரா எங்கே போச்சு? அதையும் எவனாவது திருடிட்டானா?

இதில் ஒரு வேடிக்கை. முதல் கணக்குச் சொன்ன கம்பெனி, இணையத்தில் உங்களை யாரும் வேவு பார்க்காமல் மறைக்கிற மென்பொருள் விற்கிற கம்பெனி. பூட்டு விற்கிறவர் வந்து, "உங்க தெருவில் திருடர் ஜாஸ்தி" என்று கணக்குச் சொன்னால் எப்படி? அப்படி! ஆனாலும் செய்தி ஓடியது. 'முதலிடம்' என்ற வார்த்தை வந்தால் நம்மவர்களுக்குக் கண் தெரியாது.

சைக்கிள் போச்சு

காமிராவே கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. 2016 ஜூன் 24-ந் தேதி காலை, நுங்கம்பாக்கம் ரெயில் நிலையத்தில் இளம்பெண் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். பட்டப்பகல். ஜனங்கள் நிறைந்த பிளாட்பாரம். அந்த நிலையத்தில் ஒரு காமிரா கூட இல்லை. அக்கம்பக்கத்துத் தெருக் காமிராக்களைத்தான் போலீசார் தேடி ஓட வேண்டியிருந்தது. அன்றைக்கு, "காமிரா வையுங்கய்யா" என்று கேட்டது நாம்தான்.

மறு வருஷம் ஏ.கே.விசுவநாதன் போலீஸ் கமிஷனராக வந்தார். 'மூன்றாவது கண்' என்று பெயர் வைத்து, 50 மீட்டருக்கு ஒரு காமிரா என்று இலக்கு வைத்தார்கள். வியாபாரிகள் சங்கமும் குடியிருப்போர் சங்கமும் பணம் போட்டன. செயின் பறிப்புக்காரர்கள் பலர் மாட்டினார்கள். உண்மை. மறுக்கவில்லை.

ஆனால் என் சொந்தக் கதை ஒன்று உண்டு. போன வருஷம் மார்க்கெட் வாசலில் நிறுத்திய என் சைக்கிள் காணாமல் போயிற்று. நேர் மேலே காமிரா. ஆஹா, கிடைத்துவிடும் என்று ஸ்டேஷனுக்குப் போனேன்.

"அந்தக் காமிரா ரிப்பேர் சார். ஒயரு போயிடுச்சு."

சரி என்று வந்துவிட்டேன். மறு வாரம் என் மைத்துனர் அதே இடத்தில் ஹெல்மெட் இல்லாமல் ஸ்கூட்டரில் போனார். சாயங்காலத்துக்குள் செல்போனில் அபராதம் வந்து விழுந்தது. முகம், நம்பர் பிளேட்டு, நேரம் எல்லாம் கண்ணாடி மாதிரி!

காமிரா ஒன்றுதான். சைக்கிளுக்கு ரிப்பேர்; அபராதத்துக்கு ஜோர்!

ஹெல்மெட் போடாதது தப்புதான். மைத்துனர் பணத்தைக் கட்டிவிட்டார். நான் சொல்ல வருவது வேறு. கண் இருக்கிறதா என்பது கேள்வி இல்லை. எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

நள்ளிரவு நெடி

2023 டிசம்பர் 26-ந் தேதி நள்ளிரவு. எண்ணூர் பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் தூக்கத்தில் இருந்தார்கள். கண் எரிச்சல். தொண்டை அடைப்பு. குழந்தைகள் மூச்சு முட்டி அழுதன.

கப்பலிலிருந்து கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டு வருகிற கடலடிக் குழாயில் கசிவு. ஜனங்கள் கட்டிய துணியோடு ஓடினார்கள். பைக், ஆட்டோ, லாரி, எது கிடைத்ததோ அது. 40 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்து பார்த்தது. ஆலை வாசல் காற்றில் கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராம் வரைதான் அம்மோனியா இருக்கலாம். இருந்தது 2,090. கடல் தண்ணீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்கலாம். இருந்தது 49.

அன்றைக்கு ராத்திரி ஜனங்களை எழுப்பியது எது? சைரன் இல்லை, மூக்கு!

அந்தக் குப்பத்து ஆயா ஒருத்தியிடம் பின்னால் பேசினேன். மீன் கூடையைத் தூக்கித் தூக்கி வளைந்த முதுகு. "எங்க கையில கார்டு குடுத்துக்கீறாங்க. விரல் ரேகை புடிச்சிக்கினாங்க. கண்ணைப் படம் புடிச்சாங்க. போட்டு எங்க போவுதுன்னு அதுல ஒரு பொட்டி வச்சிக்கீறாங்க. எல்லாம் சரி நைனா. அந்தக் கொழாயி உடைஞ்சா கூவுறதுக்கு ஒரு பொட்டி வைக்கக் கூடாதா?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

ஆயா சொன்னது அத்தனையும் நடந்தது. 2008-ல் மும்பையில் கடல் வழியாக வந்து தாக்கினார்கள். அதற்குப் பிறகு கடற்கரை ஊர்களில் ரேகை பிடித்து மீனவருக்கு அடையாள அட்டை கொடுத்தார்கள். விசைப்படகுகளுக்கு இஸ்ரோ தயாரித்த டிரான்ஸ்பாண்டர் பொருத்தினார்கள். நாட்டுப் பாதுகாப்பு. வேண்டியதுதான். ஆனால் 2017 ஜனவரி 28-ந் தேதி விடியற்காலை, காமராஜர் துறைமுகத்துக்குச் சற்று தூரத்தில் பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு பெரிய கப்பல்கள் மோதிக்கொண்டன. ஆரம்பத்தில் சுற்றுச்சூழலுக்குச் சேதம் இல்லை என்றுதான் அறிவித்தார்கள். கரைக்குக் கருப்பு எண்ணெய் வந்து சேர்ந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. அதை எதால் அள்ளினார்கள்? பிளாஸ்டிக் வாளியால்!

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடி எண்ணெய் பரவியது. மறுபடி மீனவர் கை, மறுபடி வாளி. வேவு பார்க்க விண்வெளியில் சாட்டிலைட்டு. எண்ணெய் அள்ள வாளி. இதுதான் நமக்குக் கிடைத்த விஞ்ஞானம்!

இரண்டு தீர்ப்பு

அந்த 2017-ம் வருஷத்தை இன்னும் கொஞ்சம் பிடித்துப் பார்ப்போம். சுப்ரீம் கோர்ட்டு அந்த ஒரே வருஷத்தில் இரண்டு தீர்ப்புகள் சொன்னது.

முதலாவது, பிப்ரவரி 22. ஆலைகள் வெளியே விடுகிற மாசின் அளவை அந்தந்த நேரத்திலேயே கருவி வைத்து அளந்து, பொதுமக்கள் பார்க்கும்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணைய தளத்தில் காட்டுங்கள் என்றது.

இரண்டாவது, ஆகஸ்டு 24. ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். தனி மனிதனின் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள்.

நம்ம பாஷையில் சொன்னால், பிப்ரவரியில், "புகையைத் திற". ஆகஸ்டில், "மனுஷனை மூடு".

நடந்தது என்ன? தலைகீழ்!

மனுஷனைத் திறந்தார்கள். 2021-ல் தமிழக போலீசுக்கு முகத்தை அடையாளம் காணும் மென்பொருள் வந்தது. செல்போனில் ஒருவர் முகத்தைப் படம் பிடித்தால், பழைய குற்றவாளிகள் படத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும். ராத்திரி ஷிப்டு முடித்து வருகிற பையனையும் நிறுத்தி முகத்தைக் காட்டச் சொல்லலாம். அவன் முகம் எங்கே போய்ச் சேருகிறது, எத்தனை நாள் இருக்கும்? அவனுக்கு யார் சொல்வது? 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள்ளேயே வெளியாள் புகுந்துவிட்டதாகச் செய்தி வந்தது. போலீசும் விளக்கம் கொடுத்தது. பூட்டு போடுகிறவர் வீட்டிலேயே பூட்டு உடைந்தது!

2023-ல் பார்லிமெண்டில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கடைக்காரர் உங்கள் போன் நம்பரைக் கண்டபடி பயன்படுத்தினால் தப்பு. நல்லது. ஆனால் அரசாங்கம் தான் விரும்பும் தன் அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ள அதிலேயே கதவு வைத்திருக்கிறார்கள். அதோடு விட்டார்களா? தகவல் உரிமைச் சட்டத்திலும் கைவைத்து, நாம் கேள்வி கேட்கிற வாசலைச் சுருக்கினார்கள்.

சரி, புகை? புகைபோக்கியிலும் கருவி இருக்கிறது, தெரியுமா? பெரிய ஆலைகள் எல்லாம் தானாக அளக்கும் கருவி வைக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியிலேயே உத்தரவு போட்டது. அந்தக் கணக்கு கிண்டியில் இருக்கிற வாரியத்தின் கண்காணிப்பு மையத்துக்குப் போகிறது. ராயபுரத்திலும் மணலியிலும் கொடுங்கையூரிலும் காற்றை அளக்கிற நிலையங்களும் இருக்கின்றன.

அளக்கிறார்கள். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எண்ணூரில் கிளம்புகிற கணக்கு கிண்டிக்குப் போகிறது. எண்ணூர்த் தெருவுக்கு வரவில்லை. இணையத்தில் தேடிப் பார்க்க ஆயாவுக்குத் தெரியுமா? எங்கள் தெருமுனையில் அந்த எண் தொங்குவதை இந்த நாள் வரை நான் பார்த்ததில்லை.

தானே அழிகிற படம்

வடசென்னைக் கதை போதும், கொஞ்சம் தெற்கே போவோம். ஏனென்றால் இது கடைக்காரர் கதை.

2020 ஜூன் 19. தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம். செல்போன் கடை வைத்திருந்த ஜெயராஜை ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்ததாகச் சொல்லிப் போலீசார் கூட்டிப் போனார்கள்; அவர் மகன் பென்னிக்சும் பின்னாலேயே ஸ்டேஷனுக்குப் போனார். அடுத்த சில நாளில் தந்தையும் மகனும் இறந்தார்கள்.

கடை வாசலில் தகராறு செய்தார்கள் என்று போலீஸ் எழுதியது. அக்கம்பக்கத்துக் கடைக் காமிராப் படம் வெளியே வந்தது. எழுதியபடி எதுவும் அதில் இல்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளும் காமிரா இருந்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டு பார்த்தார். படத்தைச் சேமிக்க ஹார்டு டிஸ்க்கில் இடம் தாராளமாக இருந்தது. ஆனால் தினம் தினம் படம் தானே அழிந்துவிடும்படி வைத்திருந்தார்கள்!

வியாபாரிகளே, கவனியுங்கள். கடைக்காரர் காசில் வைத்த காமிரா உண்மையைச் சொன்னது. ஸ்டேஷன் காமிரா உண்மையைத் தின்றது.

அதே ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு கண்டிப்பாகச் சொன்னது. ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும், லாக்கப்பிலும், படமும் சத்தமும் பதிவாகிற காமிரா வேண்டும். பதிவு 18 மாதம் இருக்க வேண்டும். முடியாவிட்டால் ஒரு வருஷமாவது இருக்க வேண்டும். நடந்ததா? 2025 செப்டம்பரில் ராஜஸ்தான் லாக்கப் மரணங்கள் பற்றிய பத்திரிகைச் செய்தியைப் பார்த்து, அதே கோர்ட்டு தானாகவே மறுபடி வழக்கெடுக்க வேண்டி வந்தது.

டி.வி. வண்டி வந்தது

'பத்திரிகைச் செய்தியைப் பார்த்து' என்று சொன்னேன் அல்லவா? எண்ணூர் அம்மோனியாவிலும் அப்படித்தான். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் செய்திகளைப் பார்த்துத்தான் தானாக வழக்கை எடுத்தது. ஆக, செய்திக்குச் சக்தி இருக்கிறது. அதை எங்கே செலவு செய்கிறோம்?

2024 ஜூலை 5-ந் தேதி பெரம்பூரில் ஆம்ஸ்ட்ராங் கொல்லப்பட்டார். காமிராப் படத்தை டி.வி.யில் எத்தனை தடவை ஓட்டினார்கள்? சிவப்பு வட்டம் போட்டு, அம்பு போட்டு, மியூசிக் போட்டு! சோறு தின்கிற நேரத்தில் கூடத்தில் அரிவாள். வடசென்னை என்றால் அரிவாள். அரிவாள் என்றால் வடசென்னை. சினிமாக்காரர் ஒரு பக்கம், டி.வி.க்காரர் ஒரு பக்கம்.

நம்ம கடையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மாலைப் பேப்பர் போஸ்டரில், 'வடசென்னையில் பயங்கரம்' என்று தொங்கவிட்டால் ராயபுரம் பாலத்துக்குக் கீழே கட்டுக் கட்டாகக் காலி. 'காற்றில் கந்தகம் கூடியது' என்று போட்டால்? பஜ்ஜி மடிக்கத்தான் போகும்.

கத்தி குத்தினால் ரத்தம் தெரியும். காற்று குத்தினால் தெரியாது. தெரியாததைக் காட்டுவதுதான் பத்திரிகை. தெரிந்த ரத்தத்தையே திருப்பித் திருப்பிக் காட்டுவதற்கு நாம் எதற்கு? தெருக் காமிராவே போதுமே!

டி.வி. வண்டி எண்ணூருக்கும் வந்தது. முகத்தில் துணி கட்டிக்கொண்டு கத்தினார்கள். இரண்டு நாள் பரபரப்பு. அப்புறம் வண்டி போய்விட்டது. நெடி போகவில்லை.

என்ன கேட்கிறோம்?

போபாலை மறந்திருக்க மாட்டீர்கள். 1984 டிசம்பர் 2 நள்ளிரவு. அங்கே ஊரை எச்சரிக்கிற சைரன் இருந்தது. கொஞ்ச நேரம் அடித்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். ஆயிரக்கணக்கில் செத்த பிறகுதான் 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆபத்தான ஆலைகள், சுற்றுவட்டாரத்து ஜனங்களுக்கு ஆபத்து என்ன, வந்தால் என்ன செய்வது என்று சொல்லியாக வேண்டும் என்றார்கள். 40 வருஷம் நெருங்குகிறது. அம்மோனியா கசிந்தால் மூக்கில் ஈரத்துணி கட்டி, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிப் போகவேண்டும் என்று உங்களில் எத்தனை பேருக்கு யார் சொன்னார்கள்?

ஆகவே கேட்கிறோம். பெரிதாக இல்லை, நாலே நாலு.

ஒன்று: டோல்கேட், எர்ணாவூர், கத்திவாக்கம், மணலி, ராயபுரம், காசிமேடு. இங்கெல்லாம் காற்றின் கணக்கைத் தமிழில், தூரத்திலிருந்தே தெரிகிற பெரிய எழுத்தில், பலகையில் காட்டுங்கள். சினிமா போஸ்டருக்கு இடம் இருக்கிறது, இதற்கு இல்லையா?

இரண்டு: ஒவ்வொரு குப்பத்துக்கும் சைரன். மாதம் ஒரு தடவை அடித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுங்கள்.

மூன்று: போலீஸ் ஸ்டேஷன் காமிரா ரிப்பேர் ஆனால், எந்தத் தேதியில் ஆனது, எந்தத் தேதியில் சரி செய்தது என்று வாசலிலேயே எழுதிப் போடுங்கள்.

நான்கு: தெருக் காமிராக் கம்பத்தில் ஒரு சின்னப் பலகை. படம் யாரிடம் போகிறது, எத்தனை நாள் இருக்கும், தொலைந்த சைக்கிளுக்காக யாரைக் கேட்பது? காசு போட்டவர் வியாபாரி; அவருக்கு இது கூடத் தெரியக் கூடாதா?

கேட்டால் நடக்குமா என்பீர்கள். நடக்கும். 2025 டிசம்பர் முதல் தேதி ஒரு சேதி வந்தது. இனி விற்கிற ஒவ்வொரு புது செல்போனிலும் 'சஞ்சார் சாத்தி' என்ற அரசாங்கச் செயலியைக் கம்பெனியே போட்டுத் தர வேண்டும் என்பது மத்திய தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவு. திருட்டுப் போனைக் கண்டுபிடிக்கத்தான் என்றார்கள். கட்சிக்காரர், வக்கீல், காலேஜ் பையன் எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள், "என் போனுக்குள்ளே உனக்கென்ன வேலை?" டிசம்பர் 3-ந் தேதி கட்டாயம் வாபஸ்!

போனுக்காக நாடே கேட்டது. மூச்சுக்காக எண்ணூர் மட்டும் கேட்டால் போதுமா?

பஸ் வந்துவிட்டது. டீக்காசு கொடுத்தேன். கடைக்காரர் தலைக்கு மேலே இருந்த காமிராவைப் பார்த்துக் கேட்டேன், "அண்ணே, இதைக் கொஞ்சம் வடக்குப் பக்கம் திருப்ப முடியுமா?"

"அந்தப் பக்கம் இன்னா சார் இருக்கு?"

"புகைபோக்கி."

கொஞ்சம் யோசித்தார். ஸ்டூலைப் போட்டு ஏறி, திருப்பியே விட்டார்.

"திருடன் எந்தப் பக்கத்திலிருந்து வர்றான்னு யாரு கண்டா சார்!"